காந்தம் போனால் சுவிட்ச் எங்கே நிற்கும்? திரவ உலோக அழுத்து சுவிட்ச் பற்றி வாசகர் கேள்விகள்

பொத்தானை அழுத்தினால் வெளியே உள்ள காந்தம் நகரும். மூடிய குழலுக்குள் திரவ உலோகம் எழுந்து மின்சுற்றை இணைக்கும். சென்ற இதழ்களில் இந்த வகை சுவிட்சைத் தொட்டுப் பேசியதிலிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கே: பாதரசமும் உலோகம்தானே? கண்ணாடிக் குழலுக்கு வெளியே பலமான நியோடிமியம் காந்தத்தைக் கொண்டுபோனாலும் உள்ளே பாதரசம் அசையவே இல்லை. காந்தம் போதவில்லையா? (கோவை வாசகர்)

ப: இன்னும் பத்து மடங்கு பலமான காந்தம் வைத்தாலும் அசையாது. பாதரசம் காந்தத்தால் ஈர்க்கப்படும் பொருளே அல்ல. உண்மையில் மிக மிக லேசாக விலகும் டயாகாந்தப் பொருள். இதே வேலைக்குப் பயன்படும் இன்னொரு திரவ உலோகமான காலியமும் அப்படித்தான். பாதரசத்துக்குள் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் காந்தப்புலம் அதைத் தள்ளும். 1821-இல் ஃபாரடே கம்பியைச் சுழல வைத்தது பாதரசக் கிண்ணத்தில், இந்த விசையைக் கொண்டுதான். ஆனால் அளவைப் பாருங்கள்: 0.1 டெஸ்லா புலம், 10 ஆம்பியர், 10 மி.மீ. நீளம் என்றால் கிடைப்பது 0.01 நியூட்டன், ஏறக்குறைய ஒரு கிராம் எடை. தவிர, சுவிட்ச் மூடிய பிறகுதான் மின்சாரமே ஓடும். மூடுவதற்கு முன்னால் அதை நகர்த்த இது உதவாது.

ஆகவே குழலுக்குள் பாதரசத்தின் மேல் மிதக்கும் ஓர் இரும்புத் துண்டு, அதாவது மிதவை, வேண்டும். காந்தம் இழுப்பது இரும்பை; இரும்பு பாதரசத்துக்குள் அமிழும்போது பாதரச மட்டம் உயரும்; உயர்ந்த மட்டம் மேலே தொங்கும் மின்முனையைத் தொடும். பெரிய மின்னோட்டத்துக்கான பாதரச ரிலேக்களிலும் (மின்சாரத்தாலேயே இயக்கப்படும் சுவிட்ச்) இதே ஏற்பாடுதான். அங்கே இரும்பை இழுப்பது கம்பிச்சுருள் (காயில்), இங்கே பொத்தானோடு நகரும் வளையக் காந்தம்.

கே: 5 ஆம்பியருக்கு இப்படி ஓர் அழுத்து சுவிட்ச் வடிவமைக்க வேண்டுமானால் குழல், மிதவை, பாதரசம் என்னென்ன அளவு? கணக்கோடு சொல்லுங்கள். (திருச்சி வாசகர்)

ப: கணக்கு எளிது, ஆனால் இது படித்துப் புரிந்துகொள்ள, வீட்டில் செய்து பார்க்க அல்ல. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை (2013-இல் ஏற்கப்பட்டு 2017 ஆகஸ்ட் 16 முதல் நடைமுறையில் உள்ளது) பாதரச சுவிட்ச், ரிலேக்களின் உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதியை நிறுத்த 2020-ஐ ஆண்டாகக் குறித்தது. அப்போது சில அளவீட்டுக் கருவிகளுக்கு மட்டும் ஒன்றுக்கு 20 மில்லிகிராம் வரை விலக்கு இருந்தது. இந்தியா 2018-இல் இதை உறுதி செய்தது. கீழே வரும் கணக்கில் பாதரசம் 38 கிராமுக்கு மேல் போகிறது என்பதைக் கவனியுங்கள்.

குழல்: உள்விட்டம் 18 மி.மீ., சுவர் 1.5 மி.மீ., போரோசிலிகேட் கண்ணாடி. எஃகுதான் வேண்டுமென்றால் 316 ரகம். 304 ரகத்தை வளைத்தாலோ இழுத்தாலோ லேசாகக் காந்தத்தன்மை வந்துவிடும். சாதாரண இரும்புக் குழலே கூடாது. காந்தப்புலம் குழல் சுவரோடு சுற்றிப் போய்விடும், உள்ளே இருக்கும் மிதவைக்கு எட்டாது. பித்தளை, செம்பு, அலுமினியம் மூன்றும் பாதரசத்தோடு கலந்து கரையும்.

மிதவை: மென்னிரும்பு வளையம், வெளிவிட்டம் 14, உள்விட்டம் 8, உயரம் 16 மி.மீ. கன அளவு ஏறக்குறைய 1.66 கன செ.மீ., எடை 13 கிராம். இரும்பின் அடர்த்தி 7.85, பாதரசத்தின் அடர்த்தி 13.53. எனவே 58 சதவீதம் மூழ்கி, 9.3 மி.மீ. உள்ளேயும் 6.7 மி.மீ. வெளியேயுமாக மிதக்கும். அதை முழுக்க அமிழ்த்த 0.09 நியூட்டன் போதும். அமிழ்ந்து முடியும்போது மிதவை 4 மி.மீ. இறங்கியிருக்கும், பாதரச மட்டம் 2.7 மி.மீ. ஏறியிருக்கும். அதாவது பொத்தான் ஒரு மி.மீ. இறங்கினால் மட்டம் சுமார் 0.7 மி.மீ. ஏறும்.

பாதரசம்: தொடக்க மட்டம் அடியிலிருந்து 15 மி.மீ. இருந்தால், மிதவை 4 மி.மீ. இறங்கிய பிறகும் அடியில் 1.7 மி.மீ. இடைவெளி மிஞ்சும். இதற்கு 2.86 கன செ.மீ., எடையில் 38.6 கிராம் தேவை.

மின்முனைகள்: 1.5 மி.மீ. டங்ஸ்டன் கம்பி இரண்டு. ஒன்று அடியிலிருந்து வந்து எப்போதும் பாதரசத்தில் நனைந்திருக்கும். மற்றது மேலிருந்து, மிதவையின் துளைக்கு நேர் நடுவில், ஓய்வு மட்டத்துக்கு 1.5 மி.மீ. மேலே நிற்கும். பொத்தான் 2.2 மி.மீ. இறங்கும்போது தொடும், முழுக்க அழுத்தினால் 1.2 மி.மீ. ஆழம் நனையும். நடுவில் வைப்பதற்குக் காரணம் உண்டு. குழல் 10 டிகிரி சாய்ந்தால் சுவரோரத்தில் மட்டம் 1.6 மி.மீ. ஏறிவிடும், அங்கே மின்முனை இருந்தால் யாரும் அழுத்தாமலே சுவிட்ச் மூடிக்கொள்ளும். நடுவில் மட்டம் ஏறக்குறைய மாறாது.

மின்தடையில் பலர் பாதரசத்தைக் குறை சொல்வார்கள். செம்பைவிட அதன் தடை 50 மடங்குக்கும் மேல் என்பது உண்மை. ஆனாலும் தொடும் இடத்தில் பாதரசத்தின் பங்கு சுமார் 0.3 மில்லியோம்தான், 20 மி.மீ. நீள டங்ஸ்டன் கம்பி ஒன்றே 0.6 மில்லியோம் தரும். எல்லாம் சேர்ந்து 2 மில்லியோம் என்று வைத்தாலும் 5 ஆம்பியரில் வீணாவது 0.05 வாட்.

வெப்பத்தால் பாதரசம் விரிவதும் பெரிய தொல்லை இல்லை. 40 டிகிரி ஏறினால் மட்டம் 0.14 மி.மீ. மட்டுமே உயரும். உண்மையான தொல்லை பாதரசத்தின் பரப்பு இழுவிசை. அது கண்ணாடியை நனைக்காமல் நடுவில் புடைத்து நிற்கும். குறுகிய இடைவெளியில் கீழே தள்ளப்படும். மிதவைக்கும் குழல் சுவருக்கும் நடுவே உள்ள 2 மி.மீ. இடைவெளியிலேயே இந்தத் தாழ்வு 2 முதல் 3 மி.மீ. வரை வரும். இடைவெளியை 0.5 மி.மீ. ஆக்கினால் பாதரசம் அதற்குள் நுழையவே மறுக்கும். மட்டக் கணக்கு முழுக்க மாறிவிடும். அதனால்தான் தொழிற்சாலையில் மேல் மின்முனையின் உயரத்தைக் காகிதக் கணக்கில் முடிவு செய்யாமல், பாதரசம் நிரப்பிய பிறகு சரிபார்த்து மூடுவார்கள்.

மூடும் முன் குழலில் காற்று இருக்கக் கூடாது. ஆக்சிஜன் இருந்தால் ஒவ்வொரு பொறியும் கொஞ்சம் பாதரச ஆக்சைடைச் சேர்க்கும். பளபளத்த பரப்பில் கறுப்புப் படலம் மிதக்கும், தொடும் இடம் அழுக்காகும். நைட்ரஜன், ஆர்கான் அல்லது ஹைட்ரஜன் நிரப்புவார்கள். ஹைட்ரஜன் வெப்பத்தை விரைவாகக் கடத்துவதால் பொறி சீக்கிரம் அணையும்.

முன்னால் ஒரு ஃபியூஸ் கட்டாயம். மின்னோட்டம் மிகுந்தால் அதன் சொந்தக் காந்தப்புலமே மின்முனையைத் தொடும் திரவ உலோகக் கழுத்தை நெரிக்கும். 1.5 மி.மீ. தடிமனுள்ள கழுத்து என்று வைத்துக் கணக்கிட்டால் 5 ஆம்பியரில் இந்த நெரிப்பு ஒன்றுமே இல்லை. 53 ஆம்பியரில் 1.2 மி.மீ. பாதரச உயரத்துக்குச் சமம். 150 ஆம்பியரில் 9.6 மி.மீ.க்குச் சமம். ஷார்ட் ஏற்பட்டால் கழுத்து அறுந்து, பொறி பிடித்து, மறுபடி சேர்ந்து, மறுபடி அறுந்து குழலையே உடைத்துவிடும்.

கே: நீங்கள் சொன்னபடியே காந்த வளையம் செய்தோம். அழுத்தினால் மிதவை சில நேரம் குழல் சுவரில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. பாதி அழுத்தத்தில் விளக்கு மினுக்குகிறது. (ஓசூர் வாசகர்)

ப: முதல் தொல்லைக்குக் காரணம் பெரும்பாலும் காந்தத்தின் அதிகப்படியான பலம். தேவைப்படும் விசை 0.1 நியூட்டனுக்கும் குறைவு. நியோடிமியம் வளையம் அதைவிடப் பல மடங்கு இழுக்கும்; வளையம் அரை மி.மீ. ஒருபக்கம் தள்ளியிருந்தாலும் மிதவை அந்தப் பக்கச் சுவரில் போய் ஒட்டும். நிலைக்காந்தம் இரும்பை நடுவிலேயே மிதக்கவிடாது, எப்போதும் அருகிலுள்ள பக்கத்துக்குத்தான் இழுக்கும். இதை எந்த வடிவத்தாலும் மாற்ற முடியாது. எனவே சிறிய ஃபெரைட் வளையத்துக்கு மாறுங்கள். உள்விட்டம் 23 மி.மீ., அச்சுத் திசையில் காந்தமேற்றியது. வளையம் நகரும் தடம் குழலோடு ஒரே மையத்தில் இருக்கட்டும். மிதவையின் வெளிப்புறத்தில் மூன்று மெல்லிய டெஃப்லான் விலா வைத்தால் இரும்பு சுவரைத் தொடாமல் வழுக்கும்.

ஓய்வு நிலையில் வளையத்தின் நடுவும் மிதவையின் நடுவும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். வளையம் 2 மி.மீ. தாழ்ந்திருந்தால் மிதவை பாதி அமிழ்ந்தபடியே காத்திருக்கும். மின்முனைக்கும் பாதரசத்துக்கும் இடையே இருக்க வேண்டிய 1.5 மி.மீ. பெரும்பாலும் போய்விடும்.

மினுக்கலுக்கு மருந்து பொத்தானில் இருக்கிறது. விரல் பாதியில் நின்றால் பாதரச முகடு மின்முனை நுனியில் தொட்டும் தொடாமலும் நடுங்கும். பொத்தானின் மேல் முனையில் ஓர் இரும்பு வாஷரையும் சிறு காந்தத்தையும் ஒட்டவிடுங்கள். குறிப்பிட்ட விசை வரும்வரை பொத்தான் நகராது. பிரிந்ததும் விரலின் அழுத்தமே அதை அடிவரை கொண்டுபோய்விடும். பாதியில் நிற்க இடமே இராது.

கே: பாதரசத்துக்குப் பதில் காலின்ஸ்டன் ஊற்றினோம். மற்றது எதையும் மாற்றவில்லை. பொத்தானை விட்டாலும் சுற்று துண்டிக்கவில்லை. நச்சு இல்லாத பாதரசம் என்றுதானே இதைச் சொல்கிறார்கள்? (சென்னை பாலிடெக்னிக் மாணவர்கள்)

ப: இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி உங்களுடையது.

காலின்ஸ்டன் என்பது எடையில் காலியம் 68.5, இண்டியம் 21.5, வெள்ளீயம் 10 சதவீதம் கலந்த உலோகம். அறைவெப்பத்தில் ஆவியாகாது, கடத்தும் திறன் பாதரசத்தைப்போல் மூன்று மடங்கு. ஆனால் அதன் அடர்த்தி 6.44. இரும்பின் அடர்த்தி 7.85. பாதரசத்தில் மிதந்த அதே வளையம் இதில் மூழ்கும்.

மூழ்கினால் என்ன, காந்தம் தூக்கிப் பிடிக்குமே என்று தோன்றும். தூக்கிப் பிடிக்கும்தான். பொத்தான் மேலே போனால் காந்தமும் இரும்பை மேலே கொண்டுபோகும். மேசை மேல் சுவிட்ச் வேலை செய்வதுபோலவே தெரியும். பிறகு ஒரு நாள் காந்த வளையம் விரிசல் விட்டு விழும், அல்லது சூட்டில் காந்தம் குறையும். சாதாரண நியோடிமியம் ரகங்கள் 80 டிகிரிக்கு மேல் தாங்காது. பாதரசத்தில் அப்போது இரும்பு மேலே மிதந்து சுற்று துண்டிக்கும். காலின்ஸ்டனில் இரும்பு அடியில் போய் உட்காரும், மட்டம் உயர்ந்தே நிற்கும், சுற்று மூடியே இருக்கும். ஒரு மோட்டாரை இயக்கும் பொத்தானில் இது ஆளைக் கொல்லக்கூடிய தவறு. காந்தத்தைக் கழற்றி வைத்துவிட்டு சுவிட்ச் எந்த நிலைக்குப் போகிறது என்று பார்ப்பதுதான் இந்த வடிவமைப்பின் முதல் சோதனை. அதில் தேறாத வரைபடத்தில் மற்ற எதையும் திருத்திப் பயனில்லை.

திருத்தம் இதுதான். மிதவையின் வெளி அளவுகள் அப்படியே இருக்கட்டும், 1.66 கன செ.மீ. அதன் சராசரி அடர்த்தி 3.75 அளவுக்கு இறங்க வேண்டும். இரும்பு 0.46 கன செ.மீ. (3.6 கிராம்), டெஃப்லான் 1.2 கன செ.மீ. (2.6 கிராம்) சேர்த்தால் 6.2 கிராம் மிதவை கிடைக்கும். பழையபடி 58 சதவீதம் மூழ்கி மிதக்கும். இரும்பை டெஃப்லானுக்குள் முழுக்க மூடி, கீழ்ப்பாதியில் வையுங்கள்; எடை கீழே இருந்தால் மிதவை நிமிர்ந்து நிற்கும். உலோகம் இதே கன அளவில் 18.4 கிராம் போதும். காந்தத்தின் ஓய்வு உயரத்தைப் புதிய இரும்பின் நடுவுக்கு ஏற்ப மாற்ற மறக்காதீர்கள்.

இனி ஒட்டும் தொல்லை. காற்றுப் பட்ட உடனே காலியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு தோல் படியும். குழலைச் சாய்த்துப் பாருங்கள்: பாதரசம் உருண்டை உருண்டையாக ஓடும், இது கண்ணாடியில் சாம்பல் பூச்சாகப் படிந்து, பரப்பில் சுருக்கம் விழுந்து, வால் இழுத்தபடி நகரும். அந்த வால்தான் உங்கள் மின்முனையிலிருந்து அறுபடாமல் நிற்கிறது. இந்த உலோகத்தில் மிதவையைத் திரும்பத் தூக்கும் விசையும் பாதி (0.044 நியூட்டன்) என்பதால் ஒட்டலை எதிர்க்கத் தெம்பில்லை.

வழிகள் உண்டு. குழலின் உட்சுவருக்கு டெஃப்லான் உறை போடுங்கள். உலோகத்தின் தோலை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கழுவி நீக்கலாம், ஆனால் அந்தக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும். ஒரு துளி குழலில் தங்கினாலும் திறந்த சுவிட்ச் வழியே கசிவு ஓடும். எனவே கழுவி, உலர்த்தி, ஆக்சிஜன் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஆர்கான் கையுறைப் பெட்டிக்குள் நிரப்பி அங்கேயே மூட வேண்டும். கல்லூரியில் அந்தப் பெட்டி இல்லையென்றால், உழைப்பை இதில் போட வேண்டாம்.

நிரப்ப பிளாஸ்டிக் சிரிஞ்சும் மழுங்கிய எஃகு ஊசியும் போதும். அலுமினியக் கருவி எதுவும் அருகில் வேண்டாம். ஒரு துளி காலியம் அலுமினியத்தின் மணி எல்லைகளுக்குள் (நுண்படிகங்கள் சந்திக்கும் இடுக்குகளுக்குள்) ஊடுருவி, அழுத்தினால் உதிரும் அளவுக்கு நொறுங்க வைக்கும். ஏணியோ மடிக்கணினியின் உடலோ விதிவிலக்கல்ல. செம்பு, பித்தளை முனைகளும் மெல்ல மெல்லக் கரையும். டங்ஸ்டனை விடாதீர்கள்.

கே: காலின்ஸ்டன் மைனஸ் 19 டிகிரி வரை உறையாது என்கிறார்களே, ஊட்டிக்குப் போதும்தானே? (உதகை வாசகர்)

ப: நம்ப வேண்டாம். மைனஸ் 19 என்பது விற்பனைத் தாளில் வரும் எண். அது உறையாமல் குளிர்ந்து நிற்கும் நிலையைக் குறிக்கிறது. அந்தக் கலவையின் உருகுநிலை ஏறக்குறைய 11 டிகிரி. இரண்டு உலோகக் கலவையான காலியம்–இண்டியம் 15.5 டிகிரியிலேயே உறையக்கூடும். உங்கள் ஊரின் மார்கழி இரவுகள் இதற்குக் கீழே போகும். உறைந்த உலோகத்தில் மிதவை சிக்கிக்கொள்ளும். அழுத்தினாலும் விட்டாலும் ஒன்றுதான். தவிர, காலியம் உறையும்போது விரியும் பொருள், தூய காலியம் 3 சதவீதம் வரை. முழுக்க நிரம்பிய கண்ணாடிக் குமிழ் வெடிப்பு விடும். பாதரசம் மைனஸ் 39 வரை திரவமாகவே இருக்கும். அந்த ஒரு விஷயத்தில் அதற்கு இணை இன்னும் கிடைக்கவில்லை.

கே: பொறி குழலுக்குள்ளேயே அடங்குவதால் பட்டாசு ஆலையில் இதை வைக்கலாமா? (சிவகாசி வாசகர்)

ப: கூடாது. தொடுமுனை மூடியிருப்பது நல்ல குணம்தான். ஆனால் வயர் முனை, பெட்டி, கண்ணாடி உடைவது, பொத்தான் மேல் நிலைமின்சாரம் என்று மற்ற வழிகள் திறந்தே இருக்கின்றன. வெடிபொருள் இடத்துக்கு பெசோ (மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) ஒப்புதல் பெற்ற முழு அமைப்பு மட்டுமே. சுவிட்சையே மருந்து இருக்கும் அறைக்கு வெளியே கொண்டுபோவது அதைவிட நல்லது.

கே: மின்மாற்றியின் புக்கோல்ஸ் ரிலேயில் பழைய பாதரசக் குழலுக்குப் பதில் காந்த ரீட் வகை வந்துவிட்டது. எது நம்பகம்? (ஈரோடு வாசகர்)

ப: காந்த ரீட் (கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு மெல்லிய உலோக நாக்குகள்; காந்தம் அருகே வந்தால் ஒன்றையொன்று தொடும்). 1921-இல் மாக்ஸ் புக்கோல்ஸ் கொண்டுவந்த இந்த ரிலேயில், எண்ணெயில் வாயு சேர்ந்தால் மேல் மிதவை இறங்கி எச்சரிக்கை மணியை அடிக்கும். எண்ணெய் வேகமாகப் பாய்ந்தால் கீழ்ப் பகுதி மின்மாற்றியைத் துண்டிக்கும். பாதரசக் குழல் சாய்ந்துதான் மூட வேண்டும் என்பதால், பழுதே இல்லாமல் வெறும் அதிர்வில் உள்ளே பாதரசம் அலைந்து மின்மாற்றி துண்டிக்கும். நிலநடுக்கத்தில் இது தெரிந்த தொல்லை. ரீட் வகையில் மிதவையோடு வரும் காந்தம் அருகே வந்தால்தான் மூடும்.

ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்: இழை பல்பு வைத்து ரீட் முனையைச் சோதிப்பது. குளிர்ந்த இழை முதல் கணத்தில் பத்து மடங்கு வரை மின்னோட்டம் இழுக்கும். மெல்லிய ரீட் நாக்குகள் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். மல்டிமீட்டர் போதும். மின்மாற்றியைத் துண்டிக்க வைக்கும் டிரிப் காயிலின் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ரீட்டின் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று தகட்டில் பார்த்தபின் இணையுங்கள்.

கே: பழைய பெட்டி ஃப்ரீசரின் மூடி விளக்குக் குழல் உடைந்து பாதரசம் தரையில் சிதறிவிட்டது. என்ன செய்வது? (யாழ்ப்பாண வாசகர்)

ப: பிள்ளைகளை வெளியே அனுப்பி, சன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்துங்கள். மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். தங்கத்தில் பாதரசம் ஏறும். ரப்பர் கையுறையோடு, இரண்டு தடித்த அட்டைகளால் உருண்டைகளை ஒன்றாகத் தள்ளிச் சேர்த்து, மருந்துத் துளிக்குழாயால் உறிஞ்சி, இறுக்கமான மூடியுள்ள போத்தலில் இடுங்கள். டார்ச்சைத் தரையோடு தாழ்த்திப் பிடித்தால் மிஞ்சிய துளிகள் மின்னும். நுண்துளிகள் மேல் கந்தகப் பொடி தூவி, அதையும் வழித்து எடுத்து அதே போத்தலில் சேருங்கள்.

விளக்குமாறும் வாக்குவம் கிளீனரும் வேண்டவே வேண்டாம். ஒன்று துளிகளை நூறாக உடைக்கும், மற்றது ஆவியாக்கி அறை முழுக்க ஊதும். கழிவுநீர்க் குழாயில் ஊற்றக் கூடாது. உங்கள் நாட்டில் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடமும், தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் ஒப்படைக்கும் வழியைக் கேளுங்கள். கொடைக்கானலில் வெப்பமானி ஆலை 2001-இல் மூடிய பிறகும் மண்ணில் கிடந்த பாதரசத்துக்காக மக்கள் எத்தனை ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும்.

கே: எனக்கு வேண்டியது துள்ளல் இல்லாத, ஈரம் புகாத ஒரு பொத்தான் மட்டுமே. இத்தனை வேண்டுமா? (மதுரை வாசகர்)

ப: வேண்டாம். பாதரசத்தின் பெருமையே தொடும்போது துள்ளாதது, அதாவது தொட்டு, விட்டு, மறுபடி தொடாதது. உங்கள் கருவியில் மைக்ரோகன்ட்ரோலர் இருந்தால் அந்த வேலையைச் சில மலிவான பாகங்கள் செய்யும். 1936-இல் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் உருவாக்கிய ரீட் சுவிட்ச், 14 மி.மீ. கண்ணாடிக் குழல் ரகம், ஒன்று வாங்குங்கள். பிளாஸ்டிக் சுவருக்கு உள்ளே ரீட். வெளியே ஸ்பிரிங் வைத்த பொத்தானில் சிறு காந்தம். சுவரில் துளையே இல்லை என்பதால் நீர் புகாது. காந்தத்தை எடுத்துவிட்டால் ரீட் திறந்துகொள்ளும், ஆக அந்த முதல் சோதனையிலும் தேறும். துள்ளலுக்கு 10 கிலோ ஓம் மின்தடை, 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, பின்னால் ஒரு ஷ்மிட் டிரிகர் இன்வெர்ட்டர் (தடுமாறும் சிக்னலைத் தெளிவான ஆன்/ஆஃப் ஆக்கும் சிப்); 10 மில்லி நொடியில் அடங்கிவிடும். ரீட்டுக்கு இணையாக மின்தேக்கியை நேராகப் போடாதீர்கள், இடையே 100 ஓம் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு அழுத்தத்திலும் மின்தேக்கி மொத்தமாகக் கொட்டி முனைகளை அரிக்கும். 230 வோல்ட் சுமையை ரீட்டில் நேரே கோக்க வேண்டாம். ரிலேயோ டிரையாக்கோ (குறைக்கடத்தி சுவிட்ச்) அந்தப் பாரத்தைச் சுமக்கட்டும். ரிலே காயிலின் குறுக்கே ஒரு 4007 டையோடு போதும். ரீட்டின் கால்களை மடக்கும்போது கண்ணாடியை ஒட்டி மடக்காமல், 3 மி.மீ. விட்டு, குறட்டால் பிடித்துக்கொண்டு மடக்குங்கள்.